இரண்டு கன்னமும் வீக்கம், கால் மாறி மாறி நொண்டல்: தீனில்தான் பிழையா?

வத்தளை லாயம் எழுதியது:

வணக்கம். எங்கள் பொறுப்பில் ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது. பல்லைப் பார்த்தவர்கள் 10, 11 வயது என்கிறார்கள். முன்பு நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நடந்தது. பார்க்க ஆளில்லாமல் மெலிந்து கிடந்ததால் வத்தளைக்குக் கொண்டு வந்து ஏழு மாதமாகிறது. முதலில் கொஞ்சம் தேறியது, பிறகு அப்படியே நின்றது, இப்போது திரும்பவும் இளைக்கிறது.

நெஞ்சுச் சுற்று 160 செ.மீ., உடல் நீளம் 150 செ.மீ. விலா எலும்பை எண்ணலாம்.

ஒரு நாள் தீன்: வெட்டிய சீஓ-3 புல் 25 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு அரைக் கிலோ, ஒரு கைப்பிடி உப்பு. மேய்ச்சல் நிலம் இல்லை. தண்ணீர் எப்போதும் இருக்கும்.

ஒன்றரை மாதமாக நொண்டல். ஒரு நாள் முன் வலது கால், பிறகு பின் இடது கால், பிறகு வேறொன்று. குளம்பில் ஆணி இல்லை, சீழ் இல்லை, சூடும் இல்லை. படுத்தால் எழும்பக் கஷ்டப்படுகிறது. இரண்டு கிழமையாகக் கண்ணுக்குக் கீழே, மூக்கெலும்பின் இரு பக்கமும் கன்னம் புடைத்து வருகிறது. தொட்டால் எலும்பு போலக் கெட்டி. புல்லைக் கொஞ்சம் மென்று உருட்டித் துப்பிவிடுகிறது. கொஞ்சத் தூரம் நடத்தினாலே மூச்சில் சத்தம் கேட்கிறது.

ஐவர்மெக்டின் பேஸ்ட் (பூச்சி மருந்து) கொடுத்து இரண்டு மாதம். பக்கத்துப் பண்ணைக்காரர், மாட்டுக்கு ஏற்றுகிற கல்சியம் போத்தல் ஒன்றை நரம்பில் ஏற்றினால் சரியாகும் என்கிறார். தீனைக் கூட்டுவதா, பல்லுக்கு ஆள் பிடிப்பதா, போத்தலை ஏற்றுவதா? எதில் தொடங்குவது?

---

கறுவாத்தோட்டம் (மிருக வைத்தியர்) எழுதியது:

முதலில் போத்தலை விடுங்கள். பால் காய்ச்சல் வந்து விழுந்த மாட்டுக்கு அது உயிர் காக்கும் மருந்து. அந்த மாட்டின் இரத்தத்தில் கல்சியம் இறங்கியிருக்கும். உங்கள் குதிரையின் இரத்தத்தில் கல்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், குறைவது எலும்பில். நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பு குழம்பும், எலும்புக்கோ ஒரு பிரயோசனமும் இல்லை. விற்றமின் டி ஊசியும் வேண்டாம். அது மிஞ்சினால் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் கல்சியம் படிந்துவிடும், அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

நீங்கள் எழுதிய தீனையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘பெரிய தலை’ நோய். கல்சியம் போதாமல் பராதைரொயிட் சுரப்பி ஓயாமல் வேலை செய்து, இரத்தத்தின் அளவைக் காப்பாற்ற எலும்பிலிருந்து கல்சியத்தை உருவுகிறது. உருவிய இடத்தில் நார்த் திசு வளர்கிறது. தாடையிலும் கன்ன எலும்பிலும் அது நன்றாகத் தெரியும், அதனால் முகம் பருக்கிறது. மூக்கு வழி ஒடுங்குவதால் மூச்சில் சத்தம். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு தளர்வதால் மெல்ல வலி, அதனால் துப்புகிறது, அதனால் இளைக்கிறது. கால் மாறி நொண்டுவதற்கும் அதே காரணம்தான். மூட்டுக்கு அடியிலுள்ள எலும்பும், தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களும் பலமிழந்திருக்கும்.

காரணம் இரண்டு, உங்கள் தீனில் இரண்டுமே இருக்கின்றன. சீஓ-3, நேப்பியரையும் கம்பையும் கலந்து எடுத்த புல், அதில் ஒக்சலேட் அதிகம். குதிரை கல்சியத்தை உறிஞ்சுவது சிறுகுடலில். ஒக்சலேட் அங்கேயே கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். பொஸ்பரஸ் பெரும்பாலும் பெருங்குடலில் உள்ளே போவதால் அதை ஒக்சலேட் தடுக்காது. ஆக ஒன்று வெளியே போகிறது, மற்றது உள்ளே குவிகிறது. நுவரெலியாவில் அது மேய்ந்தது கிகுயுப் புல்லாக இருந்தால் அதுவும் இதே வகை. நோய் அங்கேயே தொடங்கியிருக்க இடமுண்டு.

ஆனாலும் ஒரு நோயை மட்டும் நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. வீக்கம் ஒரு பக்கம் மட்டும் என்றாலோ, ஒரு மூக்கிலிருந்து நாற்றத்தோடு சளி வந்தாலோ பல்வேர்ச் சீழ் அல்லது சைனஸ் என்று பார்க்க வேண்டும். இரு பக்கமும் சமமாக, சூடில்லாமல், சளியில்லாமல் என்பதால்தான் பெரிய தலை முன்னுக்கு வருகிறது.

இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டியவை: ஒரே நேரத்தில் இரத்தமும் சிறுநீரும் எடுப்பியுங்கள். இரண்டிலும் பொஸ்பரசும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் கல்சியம், அல்கலைன் பொஸ்பட்டேஸ் (எலும்பில் மாற்றம் நடக்கும்போது கூடும் நொதி), சிறுநீரக அளவுகள் சேர்த்து. இரத்தக் கல்சியம் சரி என்று வந்தால் நோய் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எக்ஸ்ரேயும் அப்படித்தான், எலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்த பிறகே படத்தில் தெரியும். எடுத்தால் பல்வேரைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் குதிரை பார்க்கும் வைத்தியர் கிடைக்காவிட்டால், உங்கள் மிருக வைத்தியரையே பேராதனை மிருக வைத்திய பீடத்துப் போதனா வைத்தியசாலையோடு கதைக்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் குதிரையை லொறியில் கண்டிக்கு ஏற்றுவதைவிட மாதிரிகளையும் படங்களையும் அனுப்புவது பாதுகாப்பு.

சவாரி அறவே கூடாது. கயிறு கட்டி வட்டம் ஓட்டுவதும் கூடாது. இந்த எலும்பு சும்மா வழுக்கி விழுந்தாலே முறியும். வலி நிவாரணி தருவதை வைத்தியரோடு பேசி அளவாகச் செய்யுங்கள். வலி மறைந்ததும் குதிரை துள்ளப் பார்க்கும், அதுதான் ஆபத்து.

---

தீன் கணக்கு எழுதியது:

வைத்தியர் சொன்னதை எண்ணில் வைத்துப் பார்ப்போம். அப்போதுதான் எதை எவ்வளவு மாற்றுவது என்று புரியும்.

உடல் எடை: நெஞ்சுச் சுற்றைச் சுற்றாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். 160 × 160 × 150 ÷ 11,880 = கிட்டத்தட்ட 323 கிலோ. நீளம் என்பது தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை. நெஞ்சுச் சுற்றை முன்காலுக்குச் சற்றுப் பின்னால், மூச்சை விட்ட நேரத்தில் எடுங்கள்.

வளர்ந்த குதிரை ஒன்று, வேலையில்லாமல் நிற்கும்போது 500 கிலோவுக்கு ஒரு நாளைக்குக் கல்சியம் 20 கிராம், பொஸ்பரஸ் 14 கிராம் கேட்கும். உங்கள் குதிரைக்கு ஏறக்குறைய 13, 9. கல்சியம் பொஸ்பரசுக்குக் குறைந்தது சமமாக இருக்க வேண்டும். ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு இருந்தால் நல்லது.

இப்போது போகிறது என்ன? வெட்டிய சீஓ-3 இல் பெரும்பகுதி தண்ணீர். உலர்பொருள் 16 சதவீதம் என்று வைத்தால் 25 கிலோவில் 4 கிலோதான் புல். அதில் கல்சியம் சுமார் 16 கிராம், பொஸ்பரஸ் 12. தவிடு ஒன்றரைக் கிலோவில் பொஸ்பரஸ் 24 கிராம், கல்சியம் ஒரு கிராம். புண்ணாக்கில் பொஸ்பரஸ் 3, கல்சியம் ஒன்றுக்கும் கீழ். கூட்டினால் கல்சியம் 18, பொஸ்பரஸ் 39. ஒக்சலேட்டைத் தொடாமலே விகிதம் தலைகீழ்.

இனி ஒக்சலேட். புல்லின் உலர்பொருளில் 2.5 சதவீதம் என்று எடுத்தால் 100 கிராம். 100 கிராம் ஒக்சாலிக் அமிலம் 44 கிராம் கல்சியத்தைப் பிடிக்கும் அளவு கொண்டது. கையில் இருப்பதே 18. குதிரைக்கு மிஞ்சுவது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் புல்லைச் சோதித்த எண்கள் அல்ல இவை. வழக்கமாகக் காணும் அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு. வயல், உரம், வெட்டும் வயது எல்லாம் மாற்றும். ஆனால் கொஞ்சம் கூடக் குறைய வந்தாலும் முடிவு மாறாது.

கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. குதிரைக்கு நாருணவு உலர்பொருளாக உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வேண்டும், அதாவது 5 முதல் 6.5 கிலோ. உங்கள் குதிரைக்குக் கிடைப்பது 4. 25 கிலோ புல் பார்வைக்குப் பெரிய குவியல், வயிற்றுக்குச் சின்னது. இளைத்ததற்கு வாய் வலி மட்டும் காரணமில்லை.

மாற்றம் இப்படி:

தவிட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழகிய தீன் திடீரென மாறினால் வயிற்று வலி வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை 300 கிராம் வீதம் குறைத்தால் இரண்டு கிழமையில் முடியும். குறைக்கும் காலத்தில் பொஸ்பரஸ் மிகையாக இருப்பதால், நைசாக அரைத்த சுண்ணக்கல் தூள், அதாவது கல்சியம் காபனேற்று, மட்டும் ஒரு நாளைக்கு 100 கிராம். 38 சதவீதக் கல்சியம் என்றால் 38 கிராம் போகும்.

தவிடு முற்றாக நின்ற பிறகு கலவைக்கு மாறுங்கள்: சுண்ணக்கல் தூள் ஒரு பங்கு, டைகல்சியம் பொஸ்பேற்று, கடையில் டீசிபி என்பார்கள், இரண்டு பங்கு. ஒக்சலேட் புல் மேயும் குதிரைகளுக்கு அவுஸ்திரேலியாவில் தடுப்பாகச் சொல்லும் அளவு 500 கிலோக் குதிரைக்குக் கிழமைக்கு ஒரு கிலோக் கலவை. நோய் கண்ட குதிரைக்கு அதன் இரட்டிப்பு, குறைந்தது ஆறு மாதம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 180 கிராம், அதாவது 60 கிராம் சுண்ணக்கல், 120 கிராம் டீசிபி. இதில் கல்சியம் 50 கிராம், பொஸ்பரஸ் 21 கிராம் வரும். ஒக்சலேட் பிடித்தது போகவும் மிஞ்சும்.

தூளை வெறுமனே தொட்டியில் கொட்டினால் ஊதித் தள்ளிவிட்டுத் தின்னும். புண்ணாக்கை ஊறவைத்து, மொலாசஸ் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, 20 கிராமில் தொடங்கி ஒரு கிழமையில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். ஒரே வேளையில் கொடுக்காமல் புல் போடும் வேளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒக்சலேட் குடலில் இருக்கும் நேரத்தில் கல்சியமும் அங்கே இருக்க வேண்டும்.

---

ராகமைப் பண்ணை எழுதியது:

எங்கட மாடுகள் இதே சீஓ-3, இதே தவிடு திண்டுதான் நல்லாக் கறக்குது. ஒண்டுக்கும் முகம் வீங்கேல்ல. புல்லில பிழை எண்டு சொல்றது எனக்கு விளங்கேல்ல. குதிரைக்கும் மாட்டுத்தீன் மூட்டை ஒண்டு எடுத்துப் போட்டா அதில கல்சியம், கனியுப்பு எல்லாம் சமன் பண்ணித்தானே இருக்கு? சுண்ணாம்புக்கு வேற செலவேன், வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு, இல்லாட்டித் தென்னைக்குப் போடுற டொலமைட் காணாதா?

---

கறுவாத்தோட்டம் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணை. கொழும்பைச் சுற்றிக் குதிரை வைத்திருப்பவர்களில் பலர் மாட்டுக்காரரிடம் கேட்டுத்தான் தீன் போடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மாட்டுக்குப் புல் முதலில் போவது முன்வயிற்றுக்கு. அங்குள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேட்டைச் சிதைத்துவிடும், பழகப் பழக அதிகமாகச் சிதைக்கும். குடலுக்கு வரும்போது கல்சியம் விடுபட்டிருக்கும். குதிரைக்கு அந்த நுண்ணுயிர்த் தொட்டி இருப்பது பின்குடலில். கல்சியம் உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு சிதைத்து என்ன பயன்? புல்லில் பிழையில்லை, தின்னும் வயிறு வேறு.

மாட்டுத்தீன், கோழித்தீன் மூட்டை பற்றி மிகக் கவனம். சில தீன்களில் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்ப்பதுண்டு. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க, மாட்டுக்குத் தீன் நன்றாகச் செரிக்க. குதிரைக்கு அவை இதயத் தசையைக் கொல்லும் நஞ்சு. மொனென்சின் கிலோ எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே சாகலாம், சலினோமைசினுக்கு அதைவிடக் குறைவு போதும். உங்கள் குதிரையின் எடைக்குக் கணக்கிட்டால் ஒரு கிராமே அதிகம். தின்ற பிறகு வியர்வை, தள்ளாட்டம், மூச்சிரைப்பு, பிறகு விழுதல். மாற்று மருந்து கிடையாது. மூட்டையில் மருந்துப் பெயர் எழுதவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, ஒரே ஆலையில் கோழித்தீனுக்குப் பின் அரைத்தாலே கலந்திருக்கும். குதிரைக்கென்று செய்ததைத் தவிர வேறு மூட்டை வேண்டாம். கோழித்தீன் மூட்டை குதிரைக்கு எட்டும் தூரத்திலும் இருக்கக் கூடாது.

வெற்றிலைச் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. வாயையும் தொண்டையையும் பொசுக்கும், குதிரைக்கு எந்த அளவிலும் கூடாது. டொலமைட்டில் கல்சியத்தோடு மக்னீசியமும் நிறைய உண்டு, கல்சியம் சுண்ணக்கல்லில் உள்ளதில் பாதி அளவே. தேவையான கல்சியத்தைக் கொடுக்கப் போனால் மக்னீசியம் மிஞ்சும். அதோடு உரத்துக்கு விற்பது தீனுக்கான தரமும் அல்ல. கோழித்தீனுக்குப் போடும் சிப்பி கல்சியம் காபனேற்றுத்தான், ஆனால் குருணையாக இருந்தால் பாதி சாணத்தில் போகும். மா போல அரைத்தது கிடைத்தால் சுண்ணக்கல்லுக்குப் பதில் போடலாம்.

---

வத்தளை லாயம் எழுதியது:

மிக்க நன்றி. மாதிரி எடுக்க வைத்தியர் நாளை வருகிறார். தவிடு குறைக்கத் தொடங்கிவிட்டோம். இனிக் கேட்பது புல்லைப் பற்றி. இந்தப் பக்கம் கிடைப்பது சீஓ-3, வீதியோரக் கினிப் புல், வைக்கோல். வேறென்ன போடலாம்? கிளிரிசிடியாக் குழை சும்மா கிடைக்கிறது, புரதம் நிறைய என்கிறார்கள். புல்லை வாட்டிப் போட்டால் ஒக்சலேட் குறையுமா?

---

தீன் கணக்கு எழுதியது:

வாட்டினாலும், காய வைத்தாலும், ஊறுபுல்லாக்கினாலும் ஒக்சலேட் போய்விடும் என்று நம்ப வேண்டாம். குறைவது தண்ணீர்தான். குறைக்கக்கூடிய இடம் வயலில் இருக்கிறது. இளசான, உரம் வாங்கி வேகமாக வளர்ந்த புல்லில் அதிகம், அதிலும் தண்டைவிட இலையில் அதிகம். பால்மாட்டுக்காரர் கேட்பது 40, 45 நாள் இளம் புல். நீங்கள் விற்பவரிடம் 60 நாள் தாண்டிய முற்றிய புல்லைக் கேளுங்கள். மாட்டுக்காரர் ஒதுக்குவதால் வாங்குவதும் சுலபம். ஆனால் வாய் வலியுள்ள குதிரை, எனவே இயந்திரத்தில் 3, 4 செ.மீ. துண்டாக வெட்ட வேண்டும். அதைவிடப் பொடியாக வெட்டினால் மெல்லாமல் விழுங்கித் தொண்டையில் அடைக்கும்.

கினிப் புல் சீஓ-3 அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் ஒக்சலேட் புல்தான். வீதியோரத்தில் அறுப்பதானால் களைநாசினி அடித்த இடமா என்று விசாரியுங்கள். அறுகம்புல்லும் ரோட்ஸ் புல்லும் ஒக்சலேட் குறைந்தவை. தோட்டத்திலோ மைதானத்திலோ அறுகு வெட்டக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இயந்திரம் தூளாக வெட்டிக் குவித்த புல் சில மணி நேரத்தில் சூடேறிப் புளிக்கும், அதைப் போட்டால் வயிற்று வலி. கையால் அறுத்த நீளப் புல்தான் போட வேண்டும்.

என் கருத்தில் கொஞ்சம் மெனக்கெட்டாவது தேட வேண்டியது கச்சான் (நிலக்கடலை) கொடி. அவரைக் குடும்பம், கல்சியம் நிறைய, ஒக்சலேட் தொல்லை இல்லை, குதிரைகள் விரும்பித் தின்னும். அறுவடை நேரத்தில் நன்றாகக் காய்ந்த கொடியை மொத்தமாக வாங்கி, நிலத்தில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். கொழும்பின் ஈரத்தில் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். சாம்பல் படிந்ததோ, உதறினால் புகை போலத் தூசு எழும்புவதோ குதிரைக்கு ஆகாது. தேங்காய்ப் புண்ணாக்குக்கும் இதே கவனம். வாசனை மாறியிருந்தால், கட்டி பிடித்திருந்தால் எறிந்துவிடுங்கள், அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கௌப்பிக் கொடியும் நல்லது. இறக்குமதி லூசேர்ன் (அல்ஃபால்ஃபா, காய்ந்த அவரைக் குடும்பத் தீவனம்) வாங்க வசதி இருந்தால் நாளைக்கு 2 கிலோவில் 25 கிராம் கல்சியம் கிடைக்கும், ஊறவைத்துக் கொடுத்தால் மெல்லவும் இலகு.

வைக்கோல் வயிறு நிரப்பும், சத்துக் குறைவு, அதிலும் ஒக்சலேட் உண்டு. மொத்த நாருணவில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். மெல்ல முடியாத குதிரை வைக்கோலை அரைகுறையாக விழுங்கினால் குடல் அடைக்கும்.

கிளிரிசிடியா வேண்டாம். ஆடு மாடு தாங்கும், குதிரையின் வயிறு தாங்கும் என்று நம்பிப் போடக்கூடிய குழை அல்ல. இப்பில்-இப்பில் மரக் குழையும் வேண்டாம், அதிலுள்ள மிமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்க்கும், குளம்பையும் கெடுக்கும்.

ஆக, இரண்டு கிழமை முடிவில் ஒரு நாள் தீன்: முற்றிய சீஓ-3 15 கிலோ, கச்சான் கொடி 2 கிலோவிலிருந்து 3 கிலோ, வைக்கோல் ஒரு கிலோ, ஊறவைத்த புண்ணாக்கு 750 கிராம், கலவை 180 கிராம், உப்பு 30 கிராம். இன்னும் எடை ஏறாவிட்டால் தவிட்டைத் திரும்ப எடுக்காமல் தேங்காய் எண்ணெய் 50 மில்லிலீட்டரில் தொடங்கி, கிழமைக்கு 50 கூட்டி 150 வரை போகலாம். ஒரு நாளில் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். இரவு நீண்ட நேரம் தொட்டி வெறுமையாகக் கிடக்கக் கூடாது.

எலும்பும் தோலுமாக எடுத்து வந்த வேறொரு குதிரைக்கு இந்தப் பட்டியலை யாரும் முதல் நாளே போட்டுவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென மாச்சத்துப் போனால் இன்சுலின் எகிறி, இரத்தத்தின் பொஸ்பரசும் மக்னீசியமும் பொட்டாசியமும் விழுந்து, தீன் தொடங்கிய மூன்றாம் நாள், ஐந்தாம் நாளில் இதயம் நின்றுவிடலாம். அத்தகைய குதிரைக்கு முதல் மூன்று நாள் நாலு மணிக்கு ஒருமுறை அரைக் கிலோ லூசேர்ன், பிறகு பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுவது. தானியமும் தவிடும் அந்தக் கட்டத்தில் அறவே இல்லை.

---

குளம்பு காப்பு எழுதியது:

தீன் பக்கம் நன்றாகவே வந்திருக்கிறது. நிற்கும் இடத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

சீமெந்துத் தரையில் இந்தக் குதிரை நிற்கவும் கூடாது, எழும்பவும் கூடாது. எழும்பும்போது வழுக்குவதுதான் முறிவுக்கு முதல் வழி. அடியில் இறப்பர் விரிப்பு, மேலே மரத்தூள் 10 முதல் 15 செ.மீ. தென்னந்தும்புத் தூளும் போடலாம், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் நனைந்த இடத்தைத் தினமும் அள்ள வேண்டும். படுக்கையைத் தின்னும் குதிரையா என்று முதல் இரண்டு நாள் பாருங்கள்.

ஒரேயடியாகக் கட்டிப் போடவும் வேண்டாம். சமதரையில், கையில் கயிறு பிடித்து, காலையும் மாலையும் பத்து நிமிடம் நடை. வத்தளை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு நடத்தாதீர்கள். மூக்கு ஒடுங்கிய குதிரை மூச்சு வழியாகச் சூட்டை வெளியேற்றவும் கஷ்டப்படும். மூச்சு வாங்கியும் வியர்வை வராமல் தோல் காய்ந்திருந்தால் அது தனிப் பிரச்சினை, வைத்தியரிடம் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி, காற்றாடி போட்டு ஆற்றுங்கள்.

மழைக்காலத்தில் குளம்பின் அடியில் நடுவிலுள்ள முக்கோண மெத்தையை, தவளை என்பார்கள், ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கிப் பாருங்கள். கறுப்பாகக் கசிந்து நாறினால் அழுகல். தேய்த்துக் கழுவி, காய வைத்து, பிளவுக்குள் பொவிடோன் அயடீன் தோய்த்த பஞ்சை அழுத்துங்கள். அது தரும் வலியையும் எலும்பு வலியையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தேறுகிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். குளம்பு வெட்டுபவர் ஒரு காலை நெடுநேரம் தூக்கிப் பிடிக்கக் கூடாது, கீழே தாங்கும் மூன்று கால்களும் பலவீனம். ஒரு நாளைக்கு இரண்டு கால் வெட்டட்டும், குறைய உயர்த்தட்டும்.

பல் அரமிடுவதும் அப்படியே. வாய் திறப்பானைப் பூட்டி அழுத்தித் தாடையோடு மல்லுக்கட்டக் கூடாது. ஆடும் பல்லைப் பிடுங்கவும் வேண்டாம். எலும்பு இறுகினால் சில பற்கள் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கன்னத்தைக் குத்தும் கூர்முனை இருந்தால் அதை மட்டும் கையால் தேய்த்தால் போதும்.

---

வத்தளை லாயம் எழுதியது:

முடிவுகள் வந்தன. இரத்தம்: கல்சியம் 11.8, பொஸ்பரஸ் 3.4, கிரியேட்டினின் 1.3. சிறுநீர்: பொஸ்பரஸ் 28, கிரியேட்டினின் 160. எல்லாம் டெசிலீட்டருக்கு மில்லிகிராம். அல்கலைன் பொஸ்பட்டேஸ் கூடுதல் என்று குறித்திருக்கிறார்கள். சிறுநீரகம் சரி. இரத்தம் நோர்மல்தானே என்று ஆய்வுகூடத்தில் சொன்னார்கள். எப்படிப் படிப்பது? எவ்வளவு காலத்தில் தெரியும்?

---

கறுவாத்தோட்டம் எழுதியது:

சிறுநீர்ப் பொஸ்பரசை இரத்தப் பொஸ்பரசால் வகுங்கள்: 28 ÷ 3.4 = 8.2. இரத்தக் கிரியேட்டினினைச் சிறுநீர்க் கிரியேட்டினினால் வகுங்கள்: 1.3 ÷ 160 = 0.0081. இரண்டையும் பெருக்கி நூறால் பெருக்கினால் 6.7 சதவீதம். குதிரை சிறுநீரில் வெளியேற்றும் பொஸ்பரசின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டினால் தீனில் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்று எடுக்கலாம். இரத்தக் கல்சியம் 11.8 சரியாக இருப்பது எதிர்பார்த்ததே. அதைச் சரியாக வைத்திருக்கத்தான் எலும்பு கரைகிறது. அறிகுறி, தீன், இந்த எண், மூன்றும் ஒரே பக்கம் காட்டுவதால் பெரிய தலை என்றே வைத்துச் சிகிச்சையைத் தொடருங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று: குதிரையின் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாக இருக்கும், மிஞ்சிய கல்சியம் காபனேற்றாக வெளியேறுவதால். கல்சியம் போதாத குதிரைக்குத் தெளிவாக வருவதுண்டு. கலவை தொடங்கிச் சில கிழமையில் கலங்கல் திரும்பினால் நல்ல அறிகுறி. அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆறு கிழமை கழித்து இதே இரத்தமும் சிறுநீரும் எடுத்து இதே கணக்கைப் போடுங்கள், எண் இறங்க வேண்டும்.

நொண்டல் பொதுவாக நாலிலிருந்து ஆறு கிழமையில் இளகும். பலர் தவறுவது அந்த இடத்தில்தான். குதிரை நன்றாக நடக்கிறது என்று சேணம் போட்டுவிடுவார்கள். எலும்பு உறுதியாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் எடுக்கும். அதுவரை முதுகில் ஆளேற்றக் கூடாது, சின்னப் பிள்ளை என்றாலும். முகத்தின் பருமன் கொஞ்சம் வற்றும், முற்றாகப் பழைய முகமாவது அரிது. மூக்கு மிகவும் ஒடுங்கியிருந்தால் எலும்பு தேறிய பிறகும் பாரம் சுமக்கும் வேலைக்கு ஆகாது, நிழலில் வைத்துப் பார்க்கலாம்.

பூச்சி மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்த்துவிட்டு அடுத்த முறை கொடுங்கள். இவ்வளவு மெலிந்த குதிரைக்கு மொக்சிடெக்டின் வேண்டாம், அது கொழுப்பில் தங்கும் மருந்து, கொழுப்பில்லாத உடம்பில் அளவு மிஞ்சிவிடும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியையும் குதிரைக்குக் குத்தாதீர்கள், குத்திய இடத்தில் தசை அழுகி இறந்த குதிரைகள் உண்டு. வாயால் கொடுக்கும் பேஸ்டே போதும், எடையை நாடாவில் அளந்து.

சீஓ-3 தீனில் இருக்கும் வரை கல்சியக் கலவையும் இருக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்து அளவைப் பாதியாக்கலாம், நிறுத்த முடியாது.

---

ராகமைப் பண்ணை எழுதியது:

விளங்கிச்சு டொக்டர். வத்தளைத் தம்பி, எங்கட வயலில ஒரு பாத்தி வெட்டாமல் விட்டா 60 நாள் தாண்டின புல் தரலாம். உரம் போடாமலே விடுறன். துண்டு வெட்டுற மெசினும் இருக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் வந்து எடுங்கோ. கச்சான் கொடிக்கும் ஆக்களிட்டச் சொல்லி வைக்கிறன், அறுவடை நேரம் லொறி வரேக்க காய்ஞ்சதா பாத்து ஏத்தச் சொல்லுவம்.